இரண்டாம் நம்பர் பேட்டரி

ஸ்டூடியோவைப் பெருக்க வந்த அம்மா போட்ட அலறலில் எதிர்வரிசை ஜன்னல்கள் அத்தனையும் திறந்துகொண்டன.

முதலாளி தரையில் கிடந்தார். பக்கத்தில் இரும்பு லைட் ஸ்டாண்ட். அதன் அடிப்பாகத்தில் ரத்தம்!

உயிர்?

இரவே போயிருந்தது...

போட்டோகிராபர் வந்து சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் அவளுக்காகவே காத்திருந்தார்.

"நேத்து முதலாளியோட சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன் சார்."

"எதுக்கு?"

"பேட்டரிக்கு."

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார். "கேமரா பேட்டரிக்கா?"

"மலிவா கிடைக்குதுன்னு டூப்ளிகேட் வாங்கிட்டு வந்துட்டார் சார். ஃபுல் சார்ஜ்னு காட்டும்... நாலு படம் எடுத்ததும் பொசுக்குன்னு அணைஞ்சிடும். ஒண்ணு வயிறு உப்பி கேமராவுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. கம்பெனி பேட்டரி இல்லாம வேலை செய்ய மாட்டேன்னேன். அவர் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில என் கைக்காசுல ரெண்டு வாங்கிட்டு வந்தேன்."

"அந்தக் கோபத்துல ஸ்டாண்டைத் தூக்கி..."

"பேட்டரிக்காகக் கொலை பண்றதா இருந்தா, எங்க தொழில்ல ஒரு முதலாளி மிஞ்ச மாட்டார் சார்."

வாய்தான் பேசியது. மனசு சாவிகளை எண்ணியது. ஸ்டூடியோ சாவி மூன்றே பேரிடம். முதலாளி, மேனேஜர், அவள். மேனேஜர் நேற்று சீக்கிரமே கிளம்பிவிட்டதாகச் சத்தியம் செய்கிறார். வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் மகளுக்கு இன்று யார் மருந்து கொடுப்பது என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த கேமரா மட்டும் ஓடியிருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும் சார்."

மூலையில் முக்காலி ஸ்டாண்டின் மேல் கேமரா. அதற்கு எதிரே ஒரு ரோஜா, முழுக்க விரிந்து நின்றது.

"சென்ட் விளம்பரம் சார்," என்றாள் அவள். "மொட்டு மலர்றதை ராத்திரி முழுக்க விட்டு விட்டு எடுக்கணும். ஆள் வேண்டாம். டைமர் பார்த்துக்கும்."

"ஆனா பேட்டரி ஆரம்பத்துலயே படுத்துடுச்சு போல," என்றார் மேனேஜர். "பாவம் தங்கச்சி, இவ்வளவு செலவு பண்ணியும்..."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய பேட்டரியா படுக்கும்?

கேமராவின் அடிக்கதவைத் திறந்து பேட்டரியை உருவினாள்.

அதன் மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில்... 2!

"சார், நான் போட்டது ஒண்ணாம் நம்பர். யாரோ மாத்தியிருக்காங்க."

"கேமராவை நிறுத்தணும்னா சும்மா அணைச்சிருக்கலாமே?"

"அணைச்சா, யாரோ அணைச்சாங்கன்னு தெரிஞ்சிடும். தீர்ந்துபோன பேட்டரியைப் போட்டுட்டா, பழி பேட்டரி மேல."

சொல்லிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க வேலை பார்த்த பழைய ஸ்டூடியோவுல, பேட்டரிக்கு மூடி போட்டு வச்சா என்ன அர்த்தம்?"

"தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். எதுக்கும்மா?"

"நேத்து இங்க விட்டுட்டுப் போன என் பையில மூடி போட்டிருந்தா ஃபுல் சார்ஜ்."

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டாம் நம்பருக்கு மூடி போட்டு வச்சிருந்தேன். மாத்தினவர் செத்த பேட்டரின்னு நினைச்சு, புது உயிரையே கொடுத்துட்டுப் போயிருக்கார். டைமர் தனி, அதுக்குள்ள வேற பேட்டரி. கேமராவுக்குக் கரன்ட் வந்ததும் அதுபாட்டுக்குத் திரும்ப ஆரம்பிச்சிருக்கும். சத்தம் வராது. ஸ்க்ரீனும் இருட்டு. விடியற வரைக்கும் எடுத்துட்டுத்தான் இது தீர்ந்திருக்கு சார்."

மெமரி கார்டை உருவி உயர்த்திக் காட்டினாள்.

"நடந்ததெல்லாம் இதுல இருக்கு."

அடுத்த விநாடி...

மேனேஜர் பாய்ந்தார். கார்டைப் பிடுங்கினார். வாயில் போட்டுக்கொண்டார்!

கான்ஸ்டபிள் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கார்டு தரையில் வந்து விழுந்தது. பின்னாலேயே வாக்குமூலமும்.

"லென்ஸை எல்லாம் திருட்டுத்தனமா வித்ததைக் கண்டுபிடிச்சுட்டார் சார்... போலீஸ்ல சொல்லுவேன்னார்... அதான் முதல்ல கேமராவை நிறுத்திட்டு..."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, மகளுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்றாள்.

இன்ஸ்பெக்டர் கார்டைத் துடைத்து லேப்டாப்பில் செருகினார். படம் படமாகத் தள்ளினார்.

மொட்டு. பாதி மலர்ந்த பூ. முழுப் பூ. இதழின் நரம்பு வரை அத்தனை தெளிவு. பின்னால்?

மங்கலாக இரண்டு கறைகள். ஒன்று நின்றது. ஒன்று சரிந்தது.

"என்னம்மா இது? யார் மூஞ்சியும் தெரியலையே. இதை வச்சு ஒரு ஆளையும் பிடிக்க முடியாதே. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் எந்த தைரியத்துல..."

அவள் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"பூவுக்குத்தானே சார் ஃபோகஸ் வச்சேன்? கொலை பண்ணப் போறேன்னு அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவருக்கே வச்சிருப்பேன்."