வெத்துவேட்டு

பூடன் ஊருக்கு வெளியே இருந்த பாழடைந்த ராணுவ முகாமில் படமெடுக்கப் போய் இறங்கினோம். மதியச் சாப்பாட்டு ஏப்பம்கூட அடங்கவில்லை, அதற்குள் இருட்டிவிட்டது. வடக்கு ஸ்வீடனில் குளிர்காலச் சூரியன் கடையைத் திறந்த கையோடு மூடிவிடும்.

நான் ஒலிப்பதிவாளன். முற்றத்துச் சுவரோரம் மைக்கை நிறுத்தி ஹெட்போனை மாட்டினேன். காற்று. பனி நொறுங்கும் சத்தம். பிறகு, ஆளில்லாத அந்தச் சுவரடியில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் சத்தம்.

மரம் கருகிய வாடை வந்தது.

"அங்கதான் ஒரு சிப்பாய்ப் பையன் செத்தான்," என்றாள், துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான குன்வோர். "கூட்டாளிங்க விளையாட்டுக்குச் சுட்டாங்க. வெத்துத் தோட்டாதானேன்னு."

வெற்றுத் தோட்டா என்று பெயர் வைத்தவன் கைதேர்ந்த வியாபாரியாக இருக்கவேண்டும். அதில் ஈயம் மட்டும்தான் இல்லை, வெடிமருந்து இருக்கிறது. எங்கள் ராணுவத்தின் பழைய சரக்கில் குண்டுக்குப் பதில் மரத்துண்டு. குழல் முனையில் திருகிய இரும்புக் குப்பி அதைத் தூளாக்கிவிடும். குப்பி இல்லையென்றால் மரமே குண்டு.

இயக்குநர் தோர்கெலுக்கு அந்தக் குப்பி பிடிக்கவில்லை. "பாக்க அசிங்கமா இருக்கு. கழட்டு."

"கழட்டினா இவ்வளவு கிட்டத்துல ஆள் செத்துடுவான்," என்றாள் குன்வோர்.

"பல்லு குத்தற குச்சிக்கா இந்த நடுக்கம்? நீதான் வெத்துவேட்டு. உன்ன வேலைய விட்டுத் தூக்கியாச்சு, கிளம்பு!"

துப்பாக்கியைப் பிடுங்கிக் குப்பியைத் திருகிக் கழற்றி, சுடும் சிப்பாயாக நடிப்பவனிடம் நீட்டினான். அவள் தயாரிப்பாளரைக் கூப்பிட ஓடினாள்.

சுவரடியில் கைகள் பின்னால் கட்டப்பட்டு நின்றான் ஏலோஃப். மரண தண்டனைக் கைதி வேடம். அவனுக்கு முதல் படம்.

"தோர்கெல், அவ வந்துடட்டுமே..."

"வரட்டும். நீ வீட்டுக்குப் போ, வேற ஆளும் வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏலோஃபும் சிரித்துவைத்தான்.

ஹெட்போனுக்குள் யாரோ முணுமுணுத்தார்கள்.

"அன்னிக்கும் சிரிச்சாங்க."

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"நீ கேக்க வந்தவன்யா, பேச வந்தவன் இல்ல," என்றான் தோர்கெல். "ஆக்‌ஷன்!"

வெடித்தது.

ஏலோஃப் மடங்கி விழுந்தான்.

"என்னமா விழறான் பாரு!" தோர்கெல் கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கழுத்திலிருந்து பனியில் பரவிய சிவப்பு, ஒப்பனைக்காரி கலந்து வைத்ததைவிட அதிகம் என்று உறைக்கும்வரை தட்டினார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் துணியை இழுத்து முகத்தை மூடினார்கள். அவன் சட்டைக்குள் செருகியிருந்த சின்ன மைக்கை நான்தான் எடுத்தேன். பேட்டரியை உருவி என் பையில் போட்டேன். பிறகு ஹெட்போனைக் கழற்றக் கை வைத்தேன்.

"இன்னும் கட் சொல்லலையே," என்றான் ஏலோஃப், ரகசியமாக. "எந்திரிக்கலாமா?"

இன்னொரு குரல். அவனைவிட இளசு.

"சொல்ல மாட்டாங்க. தள்ளிப் படு."