புதுப் பாட்டுக்கு ஒரு முறை

பழவேற்காடு கடைத்தெருவில் ஜலீல் பாய் கேசட் கடை வைத்திருந்தார். பெரிய கடை இல்லை. உள்ளே இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் ருக்கு நேராக அங்கே வந்துவிடுவாள். ஜலீல் பாயின் மகள் லத்தீபாவும் அவளும் ஆறாம் வகுப்பு. ஒரே பெஞ்சு.

கடையில் மேல் தட்டெல்லாம் சினிமாப் பாட்டு. கீழ்த் தட்டில் மட்டும் புது ஆட்களின் கேசட்டுகள். அவர்கள் சினிமாவில் பாடாதவர்கள். தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பாடியவர்கள். ஜலீல் பாய் மெட்ராஸ் போகும்போது ஆசைப்பட்டு வாங்கி வருவார். வாங்க வருகிறவர்கள் அந்தத் தட்டைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ருக்குவும் லத்தீபாவும்தான் ஒன்று விடாமல் போட்டுக் கேட்பார்கள்.

அன்று புதன்கிழமை. ஜலீல் பாய் கீழ்த் தட்டைக் காலி செய்து, கேசட்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், எங்க எடுத்துகினு போறீங்க?" என்றாள் ருக்கு.

"வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போறேன். எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடப் போறேன். இனிமே சினிமாப் பாட்டு மட்டும்தான்."

"அப்போ புதுப் பாட்டே வராதா வாப்பா?" என்றாள் லத்தீபா.

"வந்து இன்னா பண்ண? நான் தினமும் தூசி தட்டுறதுதான் மிச்சம்."

ருக்கு பெட்டிக்குள் கையை விட்டு, ஐந்தாறு பிரதி இருந்த ஒரு கேசட்டில் ஒன்றை எடுத்தாள். கட்டுமரத் தெரு மெல்லிசைக் குழு. அட்டையில் மூன்று இளைஞர்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இதுல முதல் பாட்டு ரொம்ப நல்லா இருக்குது பாய்."

"நீ சொன்னா ஆச்சா? ஊர் சொல்லணும்."

"ஊர் கேட்டாத்தானே சொல்லும்? எனக்கு ஒரு நாளைக்குக் குடுங்க. எங்க குப்பத்துல போடுறேன்."

ஜலீல் பாய் அதை வாங்கித் தூசி துடைத்துக் கொடுத்தார். "வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வெச்சிக்க. வெள்ளிக்கிழமை காலையில பெட்டியைக் கட்டிடுவேன். டேப்பை அறுத்துடாதே."

ருக்கு கேசட்டைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு குப்பத்துக்கு ஓடினாள்.

வீட்டுக்கு வீடு டேப்ரிக்கார்டர் வராத காலம் அது. குப்பத்தில் பாட்டு என்றால் வேதாசலத்தின் மைக் செட்தான். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாத நாளில் மீன் ஏலக் கொட்டகையில் செட்டை வைத்துச் சாயங்காலம் பாட்டுப் போடுவார். பெண்கள் இடுப்பு நோக உட்கார்ந்து இறால் பிரிக்கும் நேரம். பாட்டு இருந்தால் வேலை கொஞ்சம் ஓடும்.

"மாமா, இதுல ஒரு பாட்டு போடுங்க," என்றாள் ருக்கு.

வேதாசலம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் படம்?"

"படம் இல்லை மாமா."

"யாரு நடிச்சது?"

"யாரும் நடிக்கலை. சும்மா பாடுறாங்க."

"நடிக்காத பாட்டை எவன் கேப்பான்?"

"நடிக்கிறதைக் காதால கேக்கவா முடியும்?"

இறால் குவியலுக்குப் பின்னாலிருந்து எல்லம்மா சிரித்துவிட்டாள். "போட்டுத்தான் பாரேன் வேதாசலம். நீ வெச்சிருக்கிற பாட்டெல்லாம் கேட்டு இந்த இறாலுக்கே மனப்பாடம் ஆயிடுச்சி."

"சரி. ஒன்னே ஒன்னு," என்றார் வேதாசலம்.

கேசட் உள்ளே போனது. கம்பத்து உச்சியில் இருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு சத்தம் வந்தது.

டக் டக்... டக் டக்... டக் டக்.

மரப்பலகையைக் கட்டையால் தட்டுகிற சத்தம். வேறு எந்த ஊராக இருந்தாலும் அது வெறும் தாளம்தான். இங்கே அப்படி இல்லை. மடவை மீனை வலைக்குள் விரட்ட, ஏரியில் படகுப் பலகையை இப்படித்தான் தட்டுவார்கள். அதுவும் யார் வேண்டுமானாலும் தட்டிவிட முடியாது. மீன் நன்றாகப் படும் இடங்களுக்குக் குப்பத்தில் முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். இன்று ஒருவருக்கு என்றால் நாளை இன்னொருவருக்கு. ஒருவர் முறையில் மற்றவர் வலை இறக்கினால் ஊரே கூடிவிடும்.

அன்றைய முறை ருக்குவின் அப்பா பூபதிக்கும் அவர் கூட்டாளி வீரராகவனுக்கும். இருட்டியதும் போகலாம் என்று கரையில் வலைக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். சத்தம் காதில் விழுந்ததும் இரண்டு பேரும் துள்ளி எழுந்தார்கள்.

"எவன்டா நம்ம தண்ணியில தட்டுறது?"

"பிடிடா படகை!"

படகைத் தள்ளி ஏறி, கோலை ஊன்றி விரட்டினார்கள். வீரராகவன் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. பாதி தூரம் போனபோது தட்டும் சத்தத்துக்குப் பின்னால் ஒரு குரல் பாட ஆரம்பித்தது.

*தண்ணி மேல வீடு கட்டி*
*தாழ்ப்பாள் எங்கே தேடுறே...*

படகு அப்படியே நின்றது. பூபதி கரையைத் திரும்பிப் பார்த்தார். கரையில் குப்பமே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"பாட்டைப் பிடிக்க வலை எடுத்துகினு போறாங்க பாரு," என்று யாரோ கத்தினார்கள்.

சிரித்த சிரிப்பில் எல்லம்மா பிரித்து வைத்த இறாலெல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. பாட்டு முடிந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை.

வேதாசலம் கேசட்டை எடுத்து ருக்கு கையில் வைத்தார். "இந்தா. உன் நைனா கரைக்கு வந்து என்னைத்தான் திட்டப் போறாரு. இனிமே செட்டு பக்கம் வராதே."

ஏரிக்குப் போகும் முன் பூபதி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் குடிசைச் சுவரை டக் டக் என்று தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சிறுத்தது.

ருக்குவுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அழுதால் வெள்ளிக்கிழமை பெட்டி நின்றுவிடுமா?

எங்கே தப்பு என்று யோசித்தாள். பாட்டு நல்ல பாட்டுதான். லத்தீபாவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் லத்தீபாவிடம், "முதல்ல பலகை தட்டுவாங்க, பயந்துடாதே, அப்புறம் பாடுவாங்க," என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். குப்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை. புது ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்தால் யார் என்று சொல்ல வேண்டாமா? புதுப் பாட்டும் அப்படித்தானே?

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்குப் போனாள்.

"நான்தான் வராதேன்னு சொன்னேனே," என்றார் வேதாசலம்.

"இன்னொரு தபா போடணும் மாமா. இந்த முறை நானே மைக்ல சொல்லிட்டுப் போடுறேன்."

"ஒரு தபா போட்டதே போதும்."

ருக்கு நகரவில்லை. "போன முறை எங்க நைனா வலையில ஒரு மீன்கூட படலை. அதுக்காக அடுத்த முறை உனக்கு இல்லேன்னு சொன்னாங்களா?"

"அது மீன். இது பாட்டு."

"சினிமாப் பாட்டு தினமும் எறங்குது. தினமும் ஒருத்தரே வலை போட்டா ஊர் ஒத்துக்குமா? புதுப் பாட்டுக்கு ஒரு முறை குடுத்தா இன்னா?"

வேதாசலம் மைக் வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

எல்லம்மா இறாலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "பொண்ணு கேக்குறது நியாயம்தானே. பதில் சொல்லேன்."

"அவ நைனா சரின்னு சொல்லட்டும். போடுறேன்," என்றார் வேதாசலம். பூபதி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவருக்கு நம்பிக்கை.

பூபதி கரையில் வலைக்கண்ணைச் சரி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் வீரராகவன். ருக்கு அவர்கள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நைனா, தப்பு என் மேலதான். சொல்லாம போட்டுட்டேன். பாட்டு மேல தப்பு இல்லை."

பூபதி வலையின் அடுத்த கண்ணை முடிந்தார்.

"இன்னைக்குச் சொல்லிட்டுப் போடுறேன் நைனா. போடலைன்னா நாளைக்கு ஜலீல் பாய் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுவாரு. அப்புறம் புதுப் பாட்டே இந்தப் பக்கம் வராது."

"ஊர் சிரிச்சது பத்தலையா?"

"சிரிப்பு நிக்கிற மாதிரி சொல்றேன்."

"எங்க பேரைச் சொல்லுவியா?"

"மாட்டேன்."

பூபதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இன்னாடா சொல்றே?" என்று வீரராகவனைக் கேட்டார்.

"எனக்கும் முழுப் பாட்டையும் கேக்கணும்," என்றார் வீரராகவன். "நேத்து சிரிப்புச் சத்தத்துல பாதிதான் காதுல விழுந்துச்சி."

பூபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போ. ஒழுங்கா சொல்லு."

ருக்கு மைக்கைப் பிடித்தாள். தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலும் ஏரி வரைக்கும் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். இப்போ ஒரு புதுப் பாட்டு வருது. பாடுறவங்க கட்டுமரத் தெருப் பையனுங்க மூணு பேரு. இவங்க எந்தச் சினிமாவுலயும் பாடினது இல்லை. முதல்ல பலகை தட்டுற சத்தம் வரும். யாரும் படகை எடுக்க வேணாம்."

கொட்டகை சிரித்தது. ருக்கு சிரிப்பு அடங்கும் வரை நின்றாள்.

"நேத்து நம்ம குப்பத்துலயே காது கூர்மையான ரெண்டு பேரு, இதை நெஜமாவே ஏரின்னு நினைச்சிட்டாங்க. வெறும் கேசட்டைப் போட்டு அவங்களை ஏமாத்துறது லேசு இல்லை. அப்போ அந்தப் பையனுங்க எவ்ளோ நல்லா தட்டியிருக்காங்கன்னு நீங்களே கேட்டுப் பாருங்க. நடுவுல ஒரு இடத்துல தட்டுறது நின்னுடும். குரல் மட்டும் தனியா வரும். அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்து இருக்குற பாட்டு எனக்குப் பிடிக்கலை. அதைப் போட மாட்டேன்."

கரையில் பூபதி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "காது கூர்மைன்னு நம்மளத்தான்டா சொல்லுது," என்றார் வீரராகவனிடம், நாலு பேர் காதில் விழும்படியாக.

பாட்டு ஆரம்பித்தது. டக் டக்... டக் டக். இந்த முறை யாரும் ஓடவில்லை. வீரராகவனின் கை தானாகவே படகின் பக்கப்பலகையைத் தட்டியது. தட்டுவது நின்று குரல் மட்டும் வந்த இடத்தில் பெண்கள் கையில் இறாலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள்.

பாட்டு முடிந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் எல்லம்மா. "இன்னொரு தபா போடு."

வேதாசலம் யார் சொல்வதற்கும் காத்திருக்கவில்லை. டேப்பைத் தானே பின்னால் ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜலீல் பாய் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, பஸ்ஸுக்குக் கிளம்பினார். கடை வாசலில் டீக்கடைக்காரர் நின்றார்.

"பாய், அந்தத் தட்டுற பாட்டு இருக்குதா? எங்க ஏரியாவுல எல்லாரும் பாடிகினு இருக்காங்க."

ஜலீல் பாய் பெட்டியைக் கீழே வைத்து முடிச்சை அவிழ்த்தார். மறுபடி கட்டுவதற்குள் அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டு ஆள் வந்தார். அவருக்கும் அதே பாட்டு. பிறகு வேதாசலமே வந்தார்.

"எங்க செட்டுக்குன்னு ஒன்னு குடுங்க பாய். கடன் வாங்கிப் போடுறது நல்லா இல்லை."

பஸ் போயே போய்விட்டது. ஜலீல் பாய் கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் கொட்டகையில் புதுப் பாட்டின் முறை. ருக்கு சொல்லி, ருக்கு போடுவாள். அதில் மாற்றம் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஜலீல் பாய் மெட்ராஸிலிருந்து புதிய கேசட் ஒன்றைக் கொண்டு வந்தார். அட்டை பளபளவென்று மின்னியது.

"இந்த வாரம் இதைச் சொல்லும்மா. பெரிய இடத்துல பதிவு பண்ணது. இதுக்குன்னு தனியா போய் வாங்கி வந்தேன்."

ருக்குவும் லத்தீபாவும் ஒரு பக்கம் முழுதும் கேட்டார்கள். லத்தீபா கொட்டாவியை அடக்கினாள்.

"எப்படி?" என்றார் ஜலீல் பாய்.

"அட்டை நல்லா இருக்குது பாய்."

"பாட்டு?"

ருக்கு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஜலீல் பாய் முகம் வாடிவிடுமே என்று சங்கடமாக இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை கொட்டகையில் எல்லாரும் அவள் சொல்லை நம்பிக் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"பாட்டு வேணாம் பாய்."

ஜலீல் பாய் அந்தக் கேசட்டை வெளியே எடுத்தார். கீழ்த் தட்டிலிருந்து அடுத்ததை எடுத்து உள்ளே போட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ருக்குவின் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார்.