முதல் இடத்தில் ஒரு பிணம்

டெலிபோன் அலறியது.

எடுக்க ஆள் இருந்தார். எடுக்கிற நிலையில்தான் இல்லை!

மைசூர், மண்டி மொஹல்லா. மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். சுழல் நாற்காலியில், வாயில் நுரையோடு சாய்ந்து கிடந்தார் மகேந்திரன். மேஜை மேல் பாதி காலியான பாட்டில். 'கல்கரை டானிக்... சிறுநீரகக் கல்லுக்கு உலகின் முதல் மருந்து!' என்று லேபிள் பீற்றிக் கொண்டது. நஞ்சன்கூட்டில் யாரோ காய்ச்சுகிற கஷாயத்தைப் பீப்பாயில் வாங்கி, பாட்டிலில் ஊற்றி, லேபிள் ஒட்டி விற்ற புண்ணியவான் இவர்தான்.

இன்ஸ்பெக்டர் லிங்கப்பன், கொள்ளேகால்காரர், பாட்டிலைக் கர்ச்சீப்பால் தூக்கி முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"யாரப்பா மொதல்ல பார்த்தது?"

"நான்தான் சார்... ரத்தினவேல். இவரோட வெப்சைட் செஞ்சு குடுத்தவன்."

"அது என்னப்பா?"

"இன்டர்நெட்ல கடை மாதிரி சார். அமெரிக்காவுல இருக்கறவங்க அதைப் பார்த்து ஆர்டர் பண்ணுவாங்க. இவரு பார்சல் போடுவாரு."

"எதிரி யாராச்சும்?"

ரத்தினவேல் குரலைத் தாழ்த்தினான்.

"சௌம்யா மேடம்... காலேஜ்ல கெமிஸ்ட்ரி லெக்சரர். அவங்க வீட்டுக்காரர் பிரசாந்த் இந்த டானிக்கைக் குடிச்சு, கிட்னி கெட்டுப்போய் செத்துட்டார். நேத்து இங்க வந்து ஒரே கத்தல் சார். 'உன்னைச் சும்மா விடமாட்டேன்'னு..."

"ஜீப்பை எடுப்பா!" என்றார் லிங்கப்பன்.

ஸ்டேஷன்.

சௌம்யா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசுதான். கண்ணுக்குக் கீழே கருவளையம். எதிர் பெஞ்சில் ரத்தினவேல், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பாட்டில்ல என்ன கலந்தீங்க அம்மணி?"

"ஒண்ணும் கலக்கல. அதுல ஏற்கெனவே விஷம்தான் இருக்கு. லேப்ல டெஸ்ட் பண்ணேன். ஈயம்! இதே ஸ்டேஷன்ல மனு குடுத்தேன். 'உங்க வீட்டுக்காரர் முன்னாடியே சீக்காளிதானே'ன்னு துரத்தி விட்டீங்க."

லிங்கப்பன் பேப்பர் வெயிட்டை ஆராய ஆரம்பித்தார்.

"சரி... அப்புறம்?"

"இன்னொருத்தி தாலி அறுக்கக் கூடாதுன்னு, போன வருஷமே எங்க டிபார்ட்மென்ட் வெப்சைட்ல எழுதினேன். 'இது மருந்து இல்ல, விஷம். வாங்காதீங்க!' எந்தக் கடைன்னு ஜனங்களுக்குத் தெரியணுமே... அதனால அவன் சைட்டுக்கு லிங்க் குடுத்தேன். அதை க்ளிக் பண்ணா நேரா அவன் கடைக்குப் போகும்."

ரத்தினவேல் தலையைப் பிடித்துக் கொண்டான்.

"அய்யோ மேடம்... அந்த லிங்க்தான் அவரைத் தூக்கி விட்டுச்சு!"

"என்னது?"

"ஸ்வல்ப பொறுங்க, சொல்றேன். 'சிறுநீரகக் கல் மருந்து'ன்னு இன்டர்நெட்ல தேடினா இவர் சைட்தான் முதல்ல வரணும்னு உயிரை எடுத்தார். நானும் ஊதுபத்திக் கடை, டிராவல்ஸ், கல்யாண மண்டபம்னு தெரிஞ்சவங்க சைட்ல எல்லாம் லிங்க் போட வெச்சேன். தேடிக் குடுக்கற கம்ப்யூட்டர் மதிக்கவே இல்ல. எங்கியோ அடியிலதான் கிடந்தார்."

லிங்கப்பன் குறுக்கிட்டார். "எனக்கு ஒரு எழவும் புரியலப்பா!"

"சார், உங்க டிரான்ஸ்ஃபருக்கு நாப்பது கான்ஸ்டபிள் சிபாரிசு பண்ணா நடக்குமா?"

"சிரிப்பாங்க."

"ஒரே ஒரு மந்திரி சொன்னா?"

"அன்னிக்கே ஆர்டர் வந்துருமே!"

"லிங்க்குன்னா சிபாரிசு சார். எத்தனைங்கறது இல்ல, யார் குடுக்கறாங்கங்கறதுதான் வெயிட். மேடம் டிபார்ட்மென்ட் சைட்டுக்கு வெளிநாட்டு யுனிவர்சிட்டிங்க எல்லாம் லிங்க் குடுத்திருக்கு. அது மந்திரி சிபாரிசு! அங்கிருந்து இவருக்கு ஒரு லிங்க் விழுந்துச்சு... முதல் இடம்!"

"ஏனப்பா, இந்தம்மா திட்டியில்ல எழுதியிருக்குது?"

"திட்டு, பாராட்டு எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏது சார்? யார் யாரைக் கை காட்டுறாங்கன்னு மட்டும்தான் பார்க்கும்."

சௌம்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது... எனக்குத் தெரியாது..."

"தெரிஞ்சிருக்கும்!" லிங்கப்பன் மேஜையைத் தட்டினார். "ஆத்திரம் தாங்காம நேத்து போய்த் தீர்த்துட்டீங்க. அரெஸ்ட் பண்றேன் அம்மணி!"

டெலிபோன்!

மறுமுனையில் போலீஸ் டாக்டர். லிங்கப்பன் 'ஹூம்... ஹூம்...' என்று கேட்டார். ரிசீவரை வைத்தபோது மீசை தொங்கிப் போயிருந்தது.

"பாட்டில்ல யாரும் எதுவும் கலக்கலையாம். சீல் உடைக்காத பாட்டில்லயும் அதே ஈயந்தான். ஆளுக்கு ரெண்டு கிட்னியும் மாசக்கணக்காவே செத்துப் போயிருக்குது. கடைசியில வலிப்பு..."

"தினமும் குடிச்சாருங்க!"

வாசலில் ஒரு பெண். மகேந்திரனின் மனைவி ராணி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவருக்கும் கல்லு இருந்துச்சுங்க. ஆனா மொதல்ல விக்கிற சரக்கைத் தான் தொடவே மாட்டாரு. இந்தம்மா எழுதினதைப் படிச்சதும் பயந்துகூடப் போனாரு. அப்புறம் திடீர்னு முதல் இடம் வந்துச்சு. என்னையும் கூட்டிட்டுப் போய் கம்ப்யூட்டர்ல காட்டினாரு. 'பாருடி, அவ சொல்றது நெஜமா இருந்தா உலகம் என்னைத் தூக்கி உச்சியில வெக்குமா?'ன்னாரு. அன்னிக்கே ஆரம்பிச்சாருங்க... வேளா வேளைக்கு..."



லிங்கப்பன் செருமினார். "நீங்க போலாம் அம்மணி. கேசு இல்லீங்க."

சௌம்யா எழுந்திருக்கவில்லை. அழுகையும் வரவில்லை.

"அவன் ஒருத்தன் சார்... என்னால மேல ஏறின கடையை நம்பி வாங்கினவங்க எத்தனை பேரோ?"

ராணி தலைகுனிந்து நின்றாள்.

"லிங்க்கை இப்பவே எடுத்துடலாம் மேடம்" என்றான் ரத்தினவேல் மெதுவாக. "கீழே இறங்கிடும்."

சௌம்யா சிரித்தாள். பார்க்கவே சகிக்காத சிரிப்பு.

"புருஷனைக் கொன்னவனுக்கு இத்தனை நாளா நான்தான் விளம்பர மேனேஜர் சார்! வேலையைக் கொஞ்சம் நல்லாவே செஞ்சுட்டேன் போல... முதலாளியே நம்பிட்டார்!"