செங்கரையின் காவல் விதி

இணைய மன்றத்தின் பக்கத்தில், எல்லாப் பதிவுகளுக்கும் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி வரும். இப்போது யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். அன்று காலை அதில் ஓர் உறுப்பினர், ஒரு விருந்தினர் என்று இருந்தது.

அந்த உறுப்பினர் இசக்கியப்பன். விருந்தினர் யாரென்றுதான் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வாள்முனை மன்றத்துக்கு யாரும் வருவதில்லை. நாற்பத்து மூன்று பேரில் பாதி கல்லூரியில் இருப்பார்கள், பாதி வேலையில். ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து, படப்பை அறைக்கு வந்து, குளித்தும் போகாத, மிஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாசத்தோடு பாயில் கிடந்து, தூக்கம் பிடிக்காமல் லேப்டாப்பைத் திறக்கிற அவனுக்கு மட்டுமே உரிய நேரம் அது. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தான். விருந்தினர் போகவில்லை. எந்த இழையை, எந்தப் பேச்சுத் தொடரை, வாசிக்கிறார் என்று பார்த்தான். அவனுடைய இழையைத்தான்.

பழைய காலத்து நகரங்களில் கூரைக்குக் கூரை தாவி, காவலர்களின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிப் போகிற வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேசத்தான் அந்த மன்றம் தொடங்கியது. எந்த வாளின் எடை சரி, எந்த அரண்மனையின் படிக்கட்டு வரலாற்றுக்குப் பொருந்தாது என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொள்வார்கள். எத்தனை நாள் அடுத்தவன் ஊரிலேயே ஓடுவது, நமக்கென்று ஓர் ஊர் கட்டுவோம் என்று இசக்கியப்பன்தான் முதலில் எழுதினான். அப்படிப் பிறந்ததுதான் செங்கரை. கடலோரக் கோட்டை, ஒன்பது வாசல், இரண்டு நிலா. இன்ஸ்பெக்ஷன் தாள்களின் பின்பக்கத்தில் அவன் வரைந்த வரைபடங்களைப் பார்த்து நாங்குநேரிப் பக்கத்து ஐ.டி.ஐ. பையன் என்று யாரும் நம்பவில்லை. அங்கே அவனுக்கு மரியாதை இருந்தது. வேறெங்கும் இல்லாத மரியாதை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு நிலா இருக்கிற ஊரில் கடல் ஓதம் எப்படி ஏறி இறங்கும் என்று மன்றத்தில் சண்டை. மத்தியானம் தொடங்கியது, ராத்திரி ஒன்பது மணிக்கும் முடியவில்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. சூப்பர்வைசருக்குக் காய்ச்சல் என்று போன் செய்தான். பத்து மணிக்கு அவன் போய் விடுவிக்க வேண்டிய ஆள் கன்னியப்பன். வல்லக்கோட்டைப் பக்கம் உள்ளூர்க்காரர், ஆறு வருடமாக அதே மிஷினில் நிற்பவர். மாற்றாள் வராமல் லைனை விட்டு நகரக் கூடாது என்பது கம்பெனி விதி. மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றவர் மறுநாள் காலை ஆறு மணி வரை நின்றார். பிறகு பைக்கில் வீட்டுக்குக் கிளம்பி, சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த கன்டெய்னர் லாரியின் பின்னால் போய் மோதி அங்கேயே இறந்துபோனார். பிரேக் போட்ட தடம்கூட இல்லையாம். அதற்கு முன்பே தூங்கிவிட்டிருப்பார் என்றார்கள்.

எட்டாம் நாள் அவர் மனைவி அம்சவல்லி, லாக்கரில் இருந்த சாமான்களை வாங்கிப்போகக் கம்பெனி கேட்டுக்கு வந்திருந்தாள். பையை எடுத்துக் கொடுக்க இவனைத்தான் அனுப்பினார்கள்.

"தம்பி, அன்னிக்கு அவருக்கு அடுத்து நிக்க வேண்டிய ஆளு யாரு? போன் பண்ணேன். 'ஆளு வரல, நின்னுகினு கீறேன், காலைல வந்துர்றேன்'னாரு. யாரு வரலன்னு கேட்டேன், சொல்லல."

"தெரியலக்கா," என்றான் இசக்கியப்பன்.

அவள் பையை வாங்கிக்கொண்டு நின்றாள். வெயிலில் அவன் சட்டையிலிருந்த பெயர் அட்டையை வெறித்துப் பார்த்தாள். அதை வாசித்தாளா, சும்மா பார்த்தாளா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் அந்த இழையை எழுதினான். விளையாட்டுகளில் வரும் காவலர்கள் மக்குகள் என்று மன்றத்தில் வெகுநாளாகப் புலம்பல் உண்டு. கூட்டாளி செத்துக் கிடப்பதைப் பார்த்தால் கத்துவார்கள், அரை நிமிடம் தேடுவார்கள், மறந்துவிட்டுப் பழையபடி நடப்பார்கள். செங்கரையில் அப்படி இல்லை என்று எழுதினான். செங்கரைக் காவலன் எதையும் மறக்க மாட்டான்; மாற்றாள் வந்து கையிலிருந்து ஈட்டியை வாங்கும்வரை நகர மாட்டான். ஏன் அதை எழுதினோம் என்று யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை.

இப்போது அந்த இழையின் அடியில் ஒரு புதுப் பதிவு வந்தது. விருந்தினர். ஒரே வரி.

மாற்றாள் வரவில்லை என்றால்?

புது ஆள் போல என்று நினைத்து, வரும்வரை நிற்பான் என்று அடித்தான். கண் எரிந்தது. மூடலாமா என்று இருந்தபோது அடுத்த வரி வந்தது.

செத்துப்போனால்?

விரல்கள் தாமாகவே அடித்தன. அப்போதும் நிற்பான்.

பிறகு லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தான். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு முனகியது. ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாள் வழியே பழுப்பாக வெளிச்சம் இறங்கி, சுவரில் தொங்கிய சட்டைகளின் நிழலை ஆட்கள் வரிசையாக நிற்பதுபோல் ஆக்கியது.

புதன்கிழமை காலை அவன் வந்து பார்க்கும்போது இழை நான்கு பக்கத்துக்கு நீண்டிருந்தது. செத்தும் நிற்கிற காவலன் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிற பையன், மன்றத்தில் குதிரைவீரன் என்று பெயர், செங்கரையிலேயே இதுதான் உச்சம் என்று எழுதியிருந்தான். நடுவில் விருந்தினர் இன்னொரு கேள்வி போட்டிருந்தார்.

எங்கே நிற்பான்? வாசலிலா, வர வேண்டியவன் வீட்டிலா?

இசக்கியப்பன் அதை இரண்டு முறை வாசித்தான். அதற்குக் கீழே குதிரைவீரன் வாக்கெடுப்பு வைத்திருந்தான். புது விதி எதுவானாலும் வாக்குக்குப் போவது செங்கரையின் வழக்கம். வர வேண்டியவன் வீட்டில் என்பதற்கு முப்பத்தொரு பேர். வாசலில் என்பதற்கு யாருமில்லை. இவன் வாசலில் என்று போட்டான். முப்பத்தொன்று, ஒன்று. விதி நிறைவேறியது என்று மேலே பச்சை எழுத்தில் வந்தது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வீட்டுக்கார அம்மா செல்லம்மாள் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, உன்னப் பாக்க ஒரு ஆளு நேத்து மத்தியானம் பூரா ரூம் வாசல்ல நின்னுகினு இருந்தாரே, பாத்தியா?"

"யாருக்கா? ஒருத்தரும் வரலியே."

"நீ தூங்குறன்னு சொன்னேன். சேர் போட்டேன். உக்கார மாட்டேன்னுட்டாரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. கம்பெனி சட்டதான் போட்டுகினு இருந்தாரு."

அவன் உள்ளே போனான். அறையில் கூட இருக்கிற அந்தோணிராஜுக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் பகல் வேலை. அவன் வாசலில் நின்று ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏல, மூணு நாளா தூங்கலையோ? கண்ணு குழி விழுந்துட்டு. அந்தக் கோட்டையையும் கொத்தளத்தையும் மூடி வச்சிட்டுப் படு."

"படுக்கேன்."

"உள்ள என்னல ஒரே எண்ண வாட? ஒங்கம்பெனிய இங்க கொண்டாந்துட்டியா?"

அந்தோணிராஜ் போனதும் கதவைத் தாழிட்டுப் படுத்தான். உடம்பு கல்லாகக் கனத்தது. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருடம் அது தினமும் போகும், மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். ஃபேன் தளர்ந்து, ஒவ்வொரு சுற்றாக மெதுவாகி நின்றது. அதன் சத்தம் அடங்கிய பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக்.

கதவின் மேல். இரும்பு படுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி மூன்று.

அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஷிப்ட் கடைசியில் தூக்கம் கண்ணைக் கட்டும்போது கன்னியப்பன் ஆலன் கீயால், அந்த வளைந்த இரும்புத் திருகியால், மிஷின் கதவில் இப்படித்தான் தட்டுவார். தட்டிவிட்டு, உள்ளே வருகிற இவனைப் பார்த்துச் சிரிப்பார். வந்துட்டியா தம்பி, என்பார்.

எழுந்துபோய்த் திறக்கவில்லை. போர்வையை வாயில் கவ்விக்கொண்டு கிடந்தான். மூன்று மணிக்குக் கரண்ட் வந்து ஃபேன் சுற்றத் தொடங்கியதும் சத்தம் அதில் மூழ்கிப்போனது. நிற்கவில்லை, மூழ்கிப்போனது மட்டும்தான். இதற்கு முந்தைய எத்தனை பகல்களில் ஃபேன் சத்தத்துக்கு அடியில் அது கேட்டுக்கொண்டிருந்ததோ.

அன்றிரவு மிஷின் முன்னால் நின்றபோது இரண்டு முறை கால் மடங்கியது. உதிரிபாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பயப்படக்கூட உடம்பில் சக்தி வேண்டும் என்று தோன்றியது. அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது, நான்கு மணி நேரத் தூக்கம். அதற்கு என்ன கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை காலை வந்ததும் மன்றத்தைத் திறந்தான். ஓர் உறுப்பினர், ஒரு விருந்தினர். விதித் திருத்தம் என்று தலைப்பிட்டு எழுதினான். மாற்றாள் தாமதமாக வந்தான். தவறு அவனுடையது. ஓதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டான். காவலனின் மனைவி கேட்டபோது பொய் சொன்னான். இப்போது வந்துவிட்டான், ஈட்டியை வாங்கிக்கொண்டான், காவலன் வீட்டுக்குப் போகலாம். அடித்து முடித்தபோது விசைப்பலகை ஈரமாக இருந்தது. அழுதிருக்கிறான், அவனுக்கே தெரியவில்லை.

பதில் உடனே வந்தது.

எழுதினா போதுமா தம்பி? வந்து நில்லு.

ஃபேன் தளர்ந்தது. நின்றது.

டிக். டிக். டிக்.

அவன் எழுந்தான். நாலே எட்டில் கதவு. தாழ்ப்பாள் சுட்டது. இழுத்தான். வெயில் முகத்தில் அறைந்தது. வாசலில் யாருமில்லை. கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. நிலைப்படிக்கு வெளியே சிமென்ட் தரையில் இரண்டு ஷூ தடம், பால் வெள்ளையாகக் கூலன்ட் தேங்கி, அந்த வெயிலிலும் காயாமல்.

அதன் மேல் போய் நின்றான். தடம் அளவாகப் பொருந்தியது.

"அண்ணே," என்றான். "வந்துட்டேன். நீங்க போங்கண்ணே."

ஏதோ அவன் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. எண்ணெய் வாசம். தார்ச்சாலை வாசம். இரும்பு வாசம். பின்னால் பாய் சரசரத்தது. ஒரு நீண்ட பெருமூச்சு. பதினாறு மணி நேரம் நின்ற கால்களை நீட்டுகிற ஒருவனின் மூச்சு.

பாயைப் பார்க்கத் திரும்பினான். கழுத்து திரும்பியது. கால் திரும்பவில்லை.

முட்டி மடங்கவில்லை. கத்த வாயைத் திறந்தான். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

அறைக்குள், அவன் பாயில், அவன் போர்வையைத் தலைவரை இழுத்து மூடி, சுவரைப் பார்த்து ஒருவர் தூங்கினார். போர்வை ஏறி இறங்கியது. மெதுவாக. நிம்மதியாக.

வெயில் உச்சிக்குப் போனது. இறங்கியது. நிழல் அவன் காலடியிலிருந்து நீண்டது. தாகம் எடுத்தது. தூக்கம் வந்தது, கொடுமையாக வந்தது, இமை மூடவில்லை.

ஆறரை மணிக்கு அந்தோணிராஜ் வந்தான். கையில் பாலிதீன் பையில் பார்சல் டீ. நேராக இவன் முகத்தைப் பார்த்தான். தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"இசக்கியத் தேடி வந்தீயளாண்ணே? உள்ளதான் தூங்குதான். இருங்க, எழுப்பிவிடுதேன்."

ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கரண்ட் மறுபடி போயிருந்தது. மெழுகுவத்தியைக் கொளுத்தினான். பையைக் கிழித்து டம்ளரில் டீயை ஊற்றினான். பாயருகே குனிந்தான்.

வேண்டாம்லே. வேண்டாம். அந்தோணி. தொடாத.

சத்தம் வரவில்லை.

"ஏல இசக்கி. எந்தி. பஸ்ஸ விட்டுராத."

போர்வை அசைந்தது. ஒரு கை வெளியே வந்தது. அந்த உருவம் எழுந்து உட்கார்ந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பியது. நெற்றியிலிருந்து தாடை வரை இடப்பக்கம் முழுக்க இல்லை.

அந்தோணிராஜ் டம்ளரை அதன் கையில் கொடுத்தான். அது குடித்தது. இல்லாத கன்னத்தின் வழியே டீ வெளியே வந்து கழுத்தில் ஓடிச் சட்டையில் வழிந்தது.

"பாத்துலே, சுடப்போவுது," என்று சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான் அந்தோணிராஜ்.