அணைத்த வீட்டில் ஓடிய மீட்டர்

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தாகிவிட்டது. விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி எதையும் விட்டுவைக்கவில்லை. மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுத்தான் இப்திசாம் ஐந்து மாடி இறங்கி வந்திருந்தாள். ஆனாலும் கட்டடத்தின் நுழைவில், புது ஜெனரேட்டர்காரர் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டிக்குள், அவள் பெயர் எழுதிய மீட்டரில் சிவப்புப் பொட்டு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"நல்லாப் பாத்துக்க தங்கச்சி," என்றார் ஜெனரேட்டர்காரர் அபூ தவ்ஃபீக். " அபூ தவ்ஃபீக் திருடன், மீட்டர்ல சூது வச்சிருக்கான்னு தெரு பூரா கத்துனியே. இப்ப யாரு தின்றா உன் கரண்ட்ட? நானா?"

"நானும் எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தானே வந்தேன், ஹாஜி."

"அதான் சொல்றேன். என் பெட்டிக்கும் உன் வீட்டுக்கும் நடுவுல எவனோ கொக்கி போட்டிருக்கான். கொஞ்ச நேரம் ஓடுது, கொஞ்ச நேரம் நிக்குது. கசாப்புக் கடைக்காரன் மீட்டர் இப்பிடித்தான் ஓடும். ஆமா, மாடிக்குக் கம்பிய இழுத்தது யாரு?"

"என் கொழுந்தன். நபீஹ்."

அதுவரை கையை ஆட்டி ஆட்டிப் பேசிய மனிதர் கையைச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டார். "அப்ப அவன்கிட்டயே கேட்டுக்க," என்று சொல்லிவிட்டு ஜும்ஆ தொழுகைக்கு நடந்துவிட்டார். அவர் போன பிறகும் அவள் வெகுநேரம் மீட்டர் முன்னாலேயே நின்றாள்.

திரிப்போலித் துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் அரசாங்க மின்சாரம் விருந்தாளி மாதிரிதான் வரும். மற்ற நேரத்துக்கெல்லாம் தெருமுனை ஜெனரேட்டர்தான். பழைய ஜெனரேட்டர்காரரிடம் மீட்டர் என்ற பேச்சே கிடையாது. ஐந்து ஆம்பியர், மாதம் இவ்வளவு, எரித்தாலும் எரிக்காவிட்டாலும் அதே தொகை. பகலெல்லாம் தையல் கூடத்தில் கிடக்கிற ஒண்டிக்கட்டைக்கு மீட்டர்தான் லாபம் என்று கணக்குப் போட்டு இப்திசாம் போன மாதம் மாறினாள். பாதிதான் வரும் என்று நம்பியிருந்தாள். வந்த சீட்டில் மூன்று மடங்கு இருந்தது.

படியேறும்போது அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஐந்து ஆம்பியர் கட்டியும் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் வீடே அணைந்துவிடும். "பழைய வீடு அண்ணி, ஒயர் அப்பிடித்தான் இருக்கும்" என்பான் நபீஹ். போன வாரம் அவள் ஜெனரேட்டர்காரரை மாற்றிய செய்தியைச் சொன்னபோது, கையில் எடுத்த தேநீர்க் குவளையை அவன் அப்படியே கீழே வைத்தான். "யாரக் கேட்டு மாத்துனீங்க? பழையவர்கிட்டயே போயிருவோம். பணம் நான் கட்டுறேன்" என்றான். உதடு வெளுத்திருந்தது. அண்ணி மேல் என்ன பாசம் என்று அவள் அன்றைக்கு உருகிப்போனாள்.

இரண்டு வருஷமாக அவளுக்கு இருந்த ஒரே ஆள் அவன்தான். அவள் கணவன் கல்தூன் படகேறி இத்தாலிக்குப் போன இரவில் கூடப் போய் வழியனுப்பியது நபீஹ். படகுக்காரனுக்கான பணத்தை, அவள் வளையல்களை விற்ற பணத்தை, வாங்கிக்கொண்டு போனதும் அவனே. "சிசிலில ஒரு முகாம்ல இருக்காராம் அண்ணி, ஃபோனப் புடுங்கி வச்சிக்கிட்டாங்களாம்" என்று செய்தி கொண்டுவந்ததும் அவன்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் தொழுகை முடிந்து ரொட்டியோடு வருவான். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பான். "நீங்க ஏறாதீங்க, இடுப்ப ஒடச்சுக்காதீங்க." கல்தூன் என்றைக்காவது கதவைத் தட்டுவான் என்ற நம்பிக்கையில்தான் அவள் உயிரோடு இருந்தாள். அந்த நம்பிக்கையை வாரம் தவறாமல் கொண்டுவந்து கொடுத்தவன் நபீஹ்.

ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்க நின்றாள். தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். எல்லாம் அணைந்த வீட்டின் அமைதியில், இதுவரை குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த இன்னொரு இரைச்சல், தாழ்ந்து, சீராக, அடுப்படிக் கூரைக்கு மேலிருந்து இறங்கி வந்து அவள் பற்களில் அதிர்ந்தது.

கூரையில் அந்தக் கறை. நபீஹ் இரண்டு முறை வெள்ளையடித்தும் மஞ்சளாகத் திரும்பி வந்த கறை. தினமும் இரண்டு மணிக்கு ஜெனரேட்டர் நின்ற கொஞ்ச நேரத்தில் அது சொட்டத் தொடங்கும். தொட்டிக் கசிவு என்றான் அவன். நல்ல தண்ணீரை வீணாக்குவானேன் என்று அவள் அதற்கு நேர் கீழே புதினாத் தொட்டியை வைத்திருந்தாள். புதினா காடாக வளர்ந்திருந்தது. ஊரே புதினா போட்டுத் தேநீர் குடிக்கிறது, நபீஹ் மட்டும் அவள் வீட்டில் புதினா போட்டால் தொடமாட்டான். "வயித்துக்கு ஒத்துக்கல அண்ணி."

புதினாத் தொட்டியைக் காலால் தள்ளி ஒதுக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். தொழுகை முடிந்திருக்கும். நபீஹ் ரொட்டியோடு கிளம்பியிருப்பான்.

மொட்டை மாடியில் வெயில் கண்ணைக் குத்தியது. உப்புக் காற்று. டீசல் புகை. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ பூண்டு வதக்கும் வாசனை. தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவளுடையதைச் சுற்றித் தரை காய்ந்து, புழுதி படிந்து கிடந்தது. அங்கே எந்தக் கசிவும் இல்லை. கீழிருந்து வந்த கறுப்புக் கம்பி கைப்பிடிச் சுவர் ஏறி, அவள் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் துணி சுற்றிய ஒரு முடிச்சாகப் புடைத்திருந்தது. முடிச்சிலிருந்து இன்னொரு கம்பி கிளம்பி, பத்து வருஷமாக ஓடாத லிஃப்டின் மோட்டார் அறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது.

கதவில் பூட்டு பளபளவென்று புதிதாக இருந்தது. ஆனால் அது தொங்கிய தகரம் கடற்காற்றில் இற்றுப்போயிருந்தது. ஓர் இரும்புக் குழாயை நுழைத்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் கொண்டி பெயர்ந்து கையோடு வந்தது.

உள்ளே இருட்டு. ஈரம். கூடவே ஓர் இனிப்பு வாடை.

மூலையில் வெள்ளையாக, நீளமாக, ஒரு ஃப்ரீசர். மேலே பழைய கம்பளம் போர்த்தியிருந்தது. அதன் அடியில் கசிந்த நீர் சிமென்ட் விரிசலுக்குள் போயிருந்தது. அந்த விரிசலுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

கம்பளத்தை இழுத்தாள். மூடியைத் தூக்கினாள்.

பனி. பனிக்குள் பழுப்பு நிற ஜாக்கெட். இரண்டாவது பொத்தான் கறுப்பு நூலில் தைத்திருந்தது. அவள் தைத்தது. படகில் குளிரும் என்று, கிளம்புகிற அவசரத்தில், பழுப்பு நூல் கிடைக்காமல்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அவமானம். இரண்டு வருஷம் நபீஹ் அவள் தலையில் மிளகாய் அரைத்ததற்கு மின்சாரமும் அவளே கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் சோறு போட்டு, நீ நல்லா இருக்கணும் தம்பி என்று கையைப் பிடித்து அழுதிருக்கிறாள்.

அப்புறம்தான் மூடியின் உட்புறத்தைப் பார்த்தாள். தினமும் மதியம் உருகி, மறுபடி உறைகிற பனி அது. இன்று காலையில் படிந்த புதுப் பனி. பூ மாதிரி வெள்ளையாக, மெல்லியதாக இருந்தது.

அதில் கீறல்கள்.

விரல் விரலாக. ஆழமாக. உள்ளிருந்து.

கீழே தெருமுனையில் ஜெனரேட்டர் இருமியது. நின்றது. ஃப்ரீசரின் இரைச்சலும் நின்றது. மணி இரண்டு.

படிக்கட்டில் காலடிச் சத்தம். செருப்பு தேய்த்து நடக்கும் பழக்கப்பட்ட நடை. வீட்டு வாசலில் நின்றது. பிறகு, மெதுவாக, மேலே ஏறியது.

"அண்ணி? கதவு தொறந்து கெடக்கு. மேலயா போனீங்க?"

அவள் கை மூடியின் மேல்தான் இருந்தது. மூடலாம். ஓடிப்போய்த் தொட்டிகளுக்குப் பின்னால் ஒளியலாம். அவள் மூடியைச் சுவரில் முழுக்கச் சாய்த்து வைத்தாள். ஓரமாக ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அண்ணி! தொட்டிய நான்தான் பாப்பேன்னு சொன்னேன்ல?"

"இங்கதான் இருக்கேன் தம்பி," என்றாள் இப்திசாம். குரல் நடுங்கவில்லை. "வா. உங்க அண்ணனும் இங்கதான் இருக்காரு."

காலடி ஒரு கணம் நின்றது. பிறகு ஓடி வந்தது. வாசலின் வெளிச்சத்தை நபீஹின் உடம்பு மறைத்தது. ஒரு கக்கத்தில் ரொட்டி, மறு கையில் சாவி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பார்த்தான். ரொட்டி கீழே விழுந்தது.

அவளும் திரும்பிப் பார்த்தாள். ஃப்ரீசரின் விளிம்பைப் பற்றியபடி நான்கு விரல்கள். அவள் மூடியைச் சாய்த்தபோது அவை அங்கே இல்லை.

விரல் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.