பீரங்கி வெடிக்கவில்லை

பீரங்கிக்கு மூன்று வயது. கீழே விழுந்தால் அவன் போடுகிற சத்தத்துக்காக வீட்டில் வைத்த பெயர் அது. அடிபட்டதோ இல்லையோ, யாராவது பதறிப்போய்ப் பார்த்துவிட்டால் போதும், தெருவே அதிர அழுவான்.

அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். பீரங்கி விழுந்தால் யாரும் அவனைப் பார்க்கக் கூடாது. பார்க்க ஆளில்லை என்றால் அவனே எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு ஓடிவிடுவான்.

அப்பா பழைய சோபாக்களைப் பழுதுபார்ப்பவர். அம்மா அவற்றுக்கு உறை தைப்பார். முன்னறை முழுக்கப் பஞ்சும் மெத்தையுமாகக் கிடக்கும். அன்று மத்தியானம் பீரங்கி ஒரு சோபாவின் கைப்பிடிமேல் ஏறினான். அத்தனை மெத்தைகளையும் விட்டுவிட்டு, வெறும் தரையாகப் பார்த்து விழுந்தான்.

சத்தம் கேட்டதும் அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா தையல் மெஷினைப் பார்த்தார். அக்கா வாயாடி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அவளுக்கு ஒன்பது வயது. ஆனால் அவள் கண், சொன்ன பேச்சைக் கேட்காமல் தம்பியையே பார்த்தது.

பீரங்கிக்கு அழுகையே வரவில்லை. தன் சட்டம் வேலை செய்கிறது என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வாயாடிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஓட வேண்டியவன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான். அவள் உள்ளே போனாள், வெளியே வந்தாள். ஆணி டப்பாவைத் திறந்தாள், மூடினாள். சும்மா இருக்கச் சொல்லி அம்மா அதட்டினார். இவள் பார்த்தால் அவன் ஆரம்பித்துவிடுவானாம்.

அவள் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். வலது கையால் வாங்கிக்கொண்டான். இன்னொன்றை நீட்டினாள். கையில் இருந்ததை மடியில் வைத்துவிட்டு, அதே கையால் இதையும் வாங்கினான். இரண்டு கையிலும் பிஸ்கட் இல்லாமல் இருக்கிறவனா அவன்? வாயாடி அவன் இடது கையைப் பார்த்தாள். சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தும் அம்மாவிடம் போனாள்.

"அவன் அழாததுதான்மா பயமா இருக்கு. இடது கையை அசைக்கவே மாட்டேங்கிறான். வந்து பாரும்மா."

அம்மா வந்து தொட்டதும் பீரங்கி முகத்தைச் சுளித்து முனகினான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அப்பா சுத்தியலைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், எப்படி விழுந்தான், தலையில் அடிபட்டதா, மயக்கம் வந்ததா என்று டாக்டர் கேட்டார். அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க பாக்கலை டாக்டர்," என்றார் அப்பா மெதுவாக. "பக்கத்துலதான் இருந்தோம்."

"நான் பாத்தேன்," என்றாள் வாயாடி. "நான் மட்டும் திரும்பிக்கலைப்பா."

கையை ஊன்றி விழுந்தான், தலை தரையில் படவில்லை, மயங்கவில்லை, வாந்தி எடுக்கவில்லை, ஒற்றைக் கையால் இரண்டு பிஸ்கட் வாங்கினான் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். படம் எடுத்துப் பார்த்ததில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பில் மெல்லிய விரிசல். கட்டுப் போட்டால் கூடிவிடும் என்றார் டாக்டர்.

கட்டுப் போட்டு முடித்ததும், அவர் நாற்காலியை வாயாடி பக்கம் திருப்பினார். சிராய்ப்புக்கெல்லாம் பதற வேண்டாம் என்றார். ஆனால் விழுந்த பிள்ளை கையையோ காலையோ பயன்படுத்தாவிட்டாலோ, தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ காத்திருக்கக் கூடாது. இவனுக்கு வலி கூடினாலோ விரல்கள் நீலமானாலோ உடனே கூட்டி வர வேண்டும்.

வாயாடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அவளுக்குப் புதுக் கவலை வந்துவிட்டது.

"நான் பள்ளிக்கூடம் போயிட்டா இவனை யாரு பாப்பாங்க?" என்று அப்பாவையும் அம்மாவையும் கண்டிப்பாகப் பார்த்தாள்.

அப்பா, வகுப்பில் பதில் தெரிந்த பையனைப் போலக் கையைத் தூக்கினார்.

"நான் பாக்கறேன்."