உதட்டுப் பேச்சு

மாமனார் கால்வாயைப் பார்த்துப் பேசிக்கொண்டே நடந்தார். சத்தம் இல்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. அதில் புதுமை எதுவும் இல்லை. ஆயுசு முழுக்கத் தறிகளின் இரைச்சலில் நின்று காது போனவர் அவர். அந்தப் பள்ளத்தாக்கில் மில் வேலை பார்த்த எல்லோரையும் போல உதட்டாலேயே பேசிப் பழகியவர். ஆனால் ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தினார். தண்ணீரைக் கூர்ந்து பார்த்தார். தலையாட்டினார். பிறகு பதில் சொன்னார்.

பின்னால் நடந்த மருமகன் அதைக் கவனித்தான்.

பாதை ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். இடப்பக்கம் கால்வாய், வலப்பக்கம் கூரை போன தறிக்கூடங்களின் நெடுஞ்சுவர். ஈரச் செங்கலும் பாசியும், எப்போதோ சிந்தி மண்ணோடு ஊறிப்போன இயந்திர எண்ணெயும் கலந்த வாடை மூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. உடைந்த ஜன்னல்கள் வழியாகக் கடைசி வெயில் துண்டு துண்டாகப் பாதையில் விழுந்தது. ஒவ்வொரு துண்டைக் கடக்கும்போதும் மாமனாரின் நிழல் இடுப்பில் வெட்டுப்பட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி ஒட்டிக்கொண்டது.

அவனுக்குப் பின்னால் மைத்துனன், இறந்துபோன மனைவியின் தம்பி. தோளில் நீளமான கொக்கிக் கம்பி. மில் மூடினாலும் கால்வாய் ஓடுகிறது. மதகின் இரும்புக் கிராதியில் அடைக்கும் குப்பையை இழுத்துப் போடுவது அவன் வேலை. போன வருஷம் அதே கம்பியால்தான் அக்காவையும் இழுத்துப் போட்டான். கொக்கி கழுத்தெலும்புக்குக் கீழே ஏறியிருந்தது. அடையாளம் காட்டப் போனபோது மருமகன் முதலில் பார்த்தது அந்தத் துளையைத்தான்.

கால் தவறி விழுந்தாள் என்றது போலீஸ். நடக்கப் பழகியதே இந்தக் கரையில். அவளுக்கா கால் தவறும்? அந்தக் கேள்வியோடு அவன் ஆபீஸ் போனான், சாப்பிட்டான், தூங்கினான். அழவில்லை. "அவ விழுந்த இடத்தை ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க மாப்ள" என்று மாமனார் சொல்லியனுப்பினார். வந்துவிட்டான்.

"பாத்து வாங்க அத்தான், வழுக்கும்" என்றான் மைத்துனன். "பளபளன்னு ஷூ வேற. பொண்ணு பாக்க வந்த மாதிரி."

சுவரோரம் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. சீட்டில் பாசி.

"யாரோடது?"

"வாட்ச்மேனோடது. சொல்லாம கொள்ளாமப் போயிட்டாரு."

"சைக்கிளை விட்டுட்டா?"

மைத்துனன் சிரித்தான். கம்பியைத் தோளிலிருந்து இறக்கினான். அது கல்லில் உரசிக்கொண்டே வந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தூண்டில். கரையில் கல் அடுக்கி நிறுத்தியிருந்தது. ஆளைக் காணோம். நரம்பு மட்டும் தண்ணீருக்குள் விறைப்பாக இறங்கியிருந்தது.

அவன் மாமனாரின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தான். உதட்டுப் பேச்சை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், படுக்கையில். "உங்களுக்குப் புரியும்னு எங்க வீட்ல காட்டிக்காதீங்க. எதிர்லயே உக்கார வெச்சு உங்களைத் திட்டுற சுகம் அப்பாவுக்குப் போயிடும்" என்பாள். கேலி பண்ணுவதற்கு முன் கீழுதட்டின் ஓரத்தைப் பல்லால் கடிப்பாள். எப்போதும். அதைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மாமனாரின் உதடுகள் தண்ணீரிடம் சொல்லின: 'கூட்டிட்டு வந்துட்டேன்மா.'

இடைவெளி.

'இவருதான். வேற யாரு இருக்கா?'

பாவம், மகளை இழந்தவர் என்று நினைத்துக்கொண்டான். நினைப்பு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. வெயில் மங்கிக்கொண்டு வந்தது. தூரத்தில் மதகின் இரைச்சல் கேட்டது, பெரிய மிருகம் ஒன்று தொண்டையை அலசுவது போல.

மாமனார் திரும்பினார். பார்வை அவனைத் தாண்டி மகனிடம் போனது.

'தள்ளுன ஆளைத்தான் கேக்குறா.'

பின்னால் மைத்துனன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. மாமனார் தலையாட்டினார்.

'மதகுகிட்ட. நீ காலைப் புடி. தலையை நான் பாத்துக்கறேன்.'

திரும்பி நடந்தார். அதே நடை. அதே நிதானம்.

முன்னால் அவர். பின்னால் கம்பி. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் தண்ணீர். ஒரு வருஷமாக மரத்துக் கிடந்த உடம்பு ஒரு நொடியில் விழித்துக்கொண்டது. அப்போதுதான் தெரிந்தது, சாக இஷ்டமில்லை.

"மாமா! நான் தள்ளலை மாமா!"

மாமனாருக்குக் கேட்கவில்லை. அவர் முதுகு போய்க்கொண்டே இருந்தது.

கம்பி உரசும் சத்தம் நின்றது.

"அத்தான்" என்றான் மைத்துனன் மெதுவாக. "உங்களுக்கு இது புரியுமா?"

ஓடத்தான் நினைத்தான். கம்பி முழங்கால் மடிப்பில் இறங்கியது. கல்லில் முகம் மோதி ஒரு பல் நாக்கின் மேல் விழுந்தது. மைத்துனன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பாசி, சகதி, ரத்தத்தின் உப்பு. இரைச்சல் நெருங்கியது. மதகு. மாமனாரின் விரல்கள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தின.

கிராதிக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள்.

தண்ணீர் கறுப்பு. முகம் மட்டும் வெளுப்பு. கழுத்தெலும்புக்குக் கீழே அந்தத் துளை. அதன் வழியே பாசி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது, மூச்சு மாதிரி. கண் திறந்திருந்தது. அவனையே பார்த்தாள். வெகுநேரம்.

உதடு பிரிந்தது.

'இவர் இல்லப்பா.'

தலைமயிரில் பிடி தளர்ந்தது. மாமனார் மெல்ல நிமிர்ந்தார். மகனைப் பார்த்தார்.

"அப்பா! நான் இல்லப்பா! சத்தியமா நான் இல்ல! அக்காவை நான் எதுக்குப்பா..."

கத்தினான். செவிட்டுக் காதில் கத்தினான். பிறந்ததிலிருந்து அந்தக் காதிடம் ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசியிராதவன். பயத்தில் வாய் கோணி, உதடுகள் எந்தச் சொல்லையும் காட்டவில்லை. கிழவர் அவன் கையிலிருந்து கம்பியை வாங்கினார், குடையை வாங்குவது போல.

கொக்கி தாடைக்குக் கீழே ஏறியது. ஈரத் துணி கிழிவது போல ஒரு சத்தம். அப்படியே இழுத்துக் கிராதியோடு சேர்த்துத் தண்ணீருக்குள் அழுத்தினார். கால்கள் கரையை உதைத்தன. கல் பெயர்ந்தது. ஒரு செருப்பு மிதந்து போனது. கிழவர் கம்பியின் மேல் வயிற்றைக் கொடுத்துச் சாய்ந்தார். குமிழி நிற்கும் வரை.

நின்றது.

மருமகன் சுவரோடு ஒட்டிக் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே உணர்வு இல்லை. வெளிச்சம் ஒரு விரல்கடை மிச்சம்.

மாமனார் மண்டியிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின.

'இப்ப நிம்மதியாம்மா?'

அவள் கீழுதட்டின் ஓரத்தைக் கடித்தாள்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது, கேலி பண்ணப்போகிறாள்.

'இவனும் இல்லப்பா.'

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு வாய் திறந்தது. தாடை கிழிந்த வாய். மைத்துனனின் வாய். அதற்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிய ஒரு தாடி. அதற்கும் பின்னால் காக்கித் தொப்பி. எல்லா வாயும் ஒன்றாக அசைந்தன. அதே சொற்கள்.

மாமனார் கம்பியைப் பிடுங்கினார். சுலபத்தில் வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். வந்தது. எழுந்தார். பாதை ஓர் ஆள் அகலம். திரும்பினார்.

'மாமா' என்றான். சத்தம் இல்லாமல், உதட்டால், ஒவ்வொரு எழுத்தாக. 'நான் இல்லைன்னு அவளே சொன்னா மாமா.'

புரிந்தது அவருக்கு. ஆமாம் என்று தலையாட்டினார். முகம் நனைந்திருந்தது. கொக்கியிலிருந்து சொட்டியது.

'உங்களை மறுபடி ஒருதரம் காட்டச் சொல்றா மாப்ள.'

அவர் தோளுக்கு அப்பால், கிராதியின் கம்பிகளுக்கு நடுவே, அவள் மறுபடியும் உதட்டின் ஓரத்தைக் கடித்தாள்.